மேல் எது, கீழ் எது: விதைக்கு எப்படித் தெரியும்?

2009 மாசி மாதம். அது எத்தனையாவது இடப்பெயர்வு என்று எண்ணுவதை நாங்கள் விட்டிருந்த காலம். தறப்பாளுக்குக் கீழே ஒரு பதுங்கு குழி. அதற்குள் உடுப்புப் பை, கொஞ்சம் அரிசி, மூடி போட்ட பிளாஸ்ரிக் வாளியில் இரண்டு கொத்துப் பயறு.

மழை பெய்த ஓர் இரவில் வாளிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. நாங்கள் கவனிக்கவில்லை. மூன்று நாட்களில் மறுபடியும் கிளம்ப வேண்டி வந்தது. வாளியைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோனோம். புதிதாக வெட்டிய குழியில் இடம் போதாததால் அதைப் பக்கவாட்டில் சரித்து வைத்தோம். மறுநாள் பின்னேரம் சமைப்பதற்காகத் திறந்தபோது பயறு முழுவதும் முளைத்திருந்தது. வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கட்டியாகிவிட்டதால் வழியில் கலையவில்லை. முளைகள் எல்லாம் முதலில் வாளியின் மூடியை நோக்கி நேராக வளர்ந்திருந்தன. பிறகு ஏறத்தாழ ஒரே இடத்தில் வளைந்து, சரிந்து கிடந்த வாளியில் எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கம் திரும்பியிருந்தன. நாங்கள் இடம் மாறிய நேரம் ஒவ்வொரு முளையிலும் ஒரு வளைவாகப் பதிந்திருந்தது.

பக்கத்துக் குழியில் இருந்த என் மாணவன் ஒருவன் எட்டிப் பார்த்தான். பத்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த பிள்ளை.

"சேர், உள்ளுக்குள்ள ஒரே இருட்டு. வாளி சரிஞ்சு கிடக்குது எண்டு இதுக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

"புவித்திருப்பம்" என்று சொல்லத் தொடங்கினேன். எறிகணைகள் விழத் தொடங்கின. பாடம் அத்தோடு நின்றது. அம்மா அந்த முளைகளைக் கழுவி அவித்துத் தந்தார்.

கேட்ட பிள்ளை இன்று இல்லை. அவனுக்குச் சொல்ல வந்ததைப் பிறகு எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். பாடப் புத்தகத்தில் அது அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்துக்குள் அடங்காதவற்றை இங்கே எழுதுகிறேன்.

வெளிச்சம் அல்ல, பாரம்

தாவரம் வெளிச்சத்தைத் தேடி வளரும் என்பது எல்லோருக்கும் தெரியும். யன்னலோரச் செடி யன்னல் பக்கம் சாயும். அது ஒளித்திருப்பம். ஆனால் மண்ணுக்குள் இருக்கும் விதைக்கு வெளிச்சம் இல்லை. மூடிய வாளிக்குள்ளும் இல்லை. அப்படியானால் அதற்குத் திசை காட்டுவது எது?

இதைச் சோதனை மூலம் முதலில் காட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த தோமஸ் அன்ட்ரூ நைற். தோட்டக்கலையில் ஈடுபாடு கொண்டவர். 1806 இல் அவர் இதை எழுதினார். ஈர்ப்புத்தான் காரணம் என்றால், ஒரு விதையை ஈர்ப்பிலிருந்து மறைத்துப் பார்க்க வேண்டும். பூமியில் அதற்கு இடமில்லை. எனவே அவர் ஈர்ப்புக்குப் போட்டியாக இன்னொரு விசையை உண்டாக்கினார். தன் தோட்டத்தில் ஓடும் நீரால் சுழலும் சக்கரம் ஒன்றை அமைத்து, அதன் விளிம்பில் முளைக்கும் அவரை விதைகளைப் பல திசைகளில் கட்டினார். சக்கரம் நிலைக்குத்தாக நின்று நிமிடத்துக்கு 150 தடவைக்கு மேல் சுழன்றது. சில நாட்களில் எல்லா வேர்களும் சக்கரத்துக்கு வெளிப்பக்கமாகவும், எல்லாத் தண்டுகளும் மையத்தை நோக்கியும் வளர்ந்திருந்தன.

பிறகு சக்கரத்தைக் கிடையாகப் படுக்க வைத்தார். நிமிடத்துக்கு 250 தடவை சுழன்றபோது வேர்கள் ஏறத்தாழக் கிடையாகவே வெளியே ஓடின. கீழ்ச் சரிவு 10 பாகைதான். வேகத்தை 80 ஆகக் குறைத்தபோது வேர்கள் வெளிப்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் நடுவே, சுமார் 45 பாகையில் இறங்கின. சுழற்சி வெளியே தள்ளும் விசைக்கும் பூமி கீழே இழுக்கும் விசைக்கும் இடையில் வேர் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டையும் சேர்த்து, பாரம் எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கம் போனது.

பஸ் வளைவில் திரும்பும்போது நாம் வெளிப்பக்கம் சரிவோமே, அந்தச் சரிவை விதையும் உணர்கிறது. உணர்ந்த பின் வேர் அந்தப் பக்கமும் தண்டு அதற்கு எதிர்ப் பக்கமும் போகின்றன.

உணர்வது நுனி

அடுத்த கேள்வி, தாவரத்தின் எந்தப் பகுதி இதை உணர்கிறது என்பது. 1872 இல் சியெசியெல்ஸ்கி என்ற ஆய்வாளர் வேரின் நுனியை வெட்டிவிட்டுக் கிடையாக வைத்துப் பார்த்தார். வேர் வளர்ந்தது; ஆனால் கீழ்நோக்கி வளையவில்லை. 1880 இல் சாள்ஸ் டார்வினும் அவருடைய மகன் பிரான்சிஸும் தாவரங்களின் அசைவுகள் பற்றி எழுதிய நூலில் இதை இன்னும் விரிவாக ஆராய்ந்தார்கள். உணர்வது நுனி, வளைவது அதற்குச் சற்றுப் பின்னால் உள்ள பகுதி என்பது தெளிவானது. ஓரிடத்தில் உணர்ந்து இன்னோர் இடத்தில் வளைவதென்றால் இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு செய்தி போக வேண்டும்.

வேரின் நுனியில் ஒரு சிறு மூடி உண்டு. மண்ணைத் துளைக்கும்போது உரசித் தேய்வது அதுதான். அந்த வேர்மூடியின் நடுக் கலங்களில் மாப்பொருள் மணிகள் இருக்கின்றன. அவை சுற்றியுள்ள குழியவுருவை விடப் பாரமானவை. ஆகவே கலத்தின் அடியில் போய்த் தங்குகின்றன. போத்தலுக்குள் போட்ட சிறு கற்களைப் போல. போத்தலைச் சரித்தால் கற்கள் உருண்டு புதிய அடிப்பக்கத்துக்கு வரும். வேரைச் சரித்தாலும் அப்படித்தான். சில நிமிடங்களில் மணிகள் புதிய அடிச்சுவரில் வந்து படியும்.

இந்த மணிகளே தாவரத்தின் தூக்குக்குண்டு என்ற கருத்தை 1900 இல் இருவர் தனித்தனியே முன்வைத்தார்கள். ஒருவர் ஹாபர்லான்ட், மற்றவர் நெமெக். தண்டிலும் இதே ஏற்பாடு உண்டு. அங்கே மணிகள் நுனியில் அல்லாமல் தண்டின் உள்ளே வளையமாக அமைந்த ஒரு கலப்படையில் இருக்கின்றன. மேசன்மார் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டு விடுவார்கள். தாவரத்துக்கு அதே குண்டு ஆயிரக்கணக்கில் உடம்புக்குள்ளேயே இருக்கிறது.

இது கருத்தாக மட்டும் நிற்கவில்லை. ஆய்வுகூடங்களில் அதிகம் பயன்படும் அரபிடோப்சிஸ் என்பது கடுகுக் குடும்பத்துச் சிறு செடி. அதில் மாப்பொருளே உண்டாக்க முடியாத வகைகள் உள்ளன. 1980களின் இறுதியில் அவற்றைச் சரித்து வைத்துப் பார்த்தார்கள். வளைந்தன. ஆனால் மற்றச் செடிகளை விட மெதுவாக, அரைகுறையாக வளைந்தன. மாப்பொருள் இல்லாவிட்டால் உணர்வு மங்குகிறது, முழுதாகப் போய்விடுவதில்லை.

மணி அடியில் விழுந்த செய்தி கலத்துக்கு எப்படிப் போகிறது என்பது நூறு ஆண்டுகளுக்கு மேல் புதிராக இருந்தது. இங்கே ஒரு வேடிக்கையான பெயர் வருகிறது. நிமிர்ந்து நிற்காமல் படுத்து வளரும் சோளமும் நெல்லும் உண்டு. அவற்றில் பழுதுபட்டிருந்த மரபணுவுக்கு 'சோம்பேறி' என்ற பொருளில் 'லேசி' என்று பெயர் வைத்தார்கள். 2023 இல் ஜப்பானிலும் சீனாவிலும் இருந்த இரு ஆய்வுக் குழுக்கள் அரபிடோப்சிஸில் ஒரு விடையைக் கண்டன. இந்த லேசிப் புரதங்கள் மாப்பொருள் மணிகளின் மேல் ஒட்டியிருக்கின்றன. மணி விழும் பக்கத்தில் அவை மணியிலிருந்து கலமென்சவ்வுக்குத் தாவுகின்றன. அதிலிருந்து கலத்துக்குத் தெரியவருகிறது, இதுதான் இப்போதைய கீழ்ப்பக்கம் என்று.

வளைவது எப்படி

அந்த இடத்திலிருந்து வேலையை எடுத்துக்கொள்வது ஒட்சின் என்ற வளர்ச்சி ஓமோன். கலமென்சவ்வில் ஒட்சினை வெளியே அனுப்பும் புரத வாயில்கள் உண்டு. கீழ்ப்பக்கம் எது என்று தெரிந்ததும் வாயில்கள் ஒழுங்கு மாறி, ஒட்சின் கீழ்ப்பக்கத்தில் கூடுதலாகச் சேர்கிறது. இதை 1920களில் கொலொட்னி, வென்ற் ஆகிய இருவரும் தனித்தனியே எடுத்துச் சொன்னார்கள்.

ஒரே ஒட்சின் தண்டில் ஒரு விதமாகவும் வேரில் எதிர் விதமாகவும் வேலை செய்கிறது. தண்டில் அது கூடிய பக்கம் வேகமாக நீளும். கீழ்ப்பக்கம் நீண்டால் தண்டு மேல்நோக்கி வளையும். வேரில் அதே அளவு ஒட்சின் நீட்சியைத் தடுக்கும். கீழ்ப்பக்கம் தடைப்பட, மேல்பக்கம் நீள, வேர் கீழ்நோக்கி வளையும். பரீட்சையில் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஓமோன் ஒன்று, அது சேரும் பக்கமும் ஒன்று. உறுப்பின் கூர்வுணர்வு மட்டும் வேறு.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வளைவது இன்னும் நீண்டுகொண்டிருக்கும் பகுதி மட்டும். வேரில் அது நுனிக்குப் பின்னால் சில மில்லிமீற்றர்தான். வளர்ந்து முடிந்த பகுதி திரும்பி நேராவதில்லை. வாளியை நிமிர்த்தி வைத்திருந்தால் அந்தப் பயற்று முளைகள் மறுபடி நிமிர்ந்திருக்கும்; ஆனால் பழைய வளைவு அப்படியே இருந்திருக்கும்.

தென்னையில் இதைப் பெரிதாகக் காணலாம். காற்றில் சாய்ந்து உயிர் தப்பிய தென்னையின் வட்டு மீண்டும் வானத்தைப் பார்த்து நிமிரும். மரத்தின் நடுவில் விழுந்த வளைவு மரம் உள்ளவரை இருக்கும். முருங்கை, வேம்பு போன்றவற்றின் கதை சற்று வேறு. அவை ஆண்டுதோறும் தடிப்பவை. சரிந்த கிளையின் மேல்பக்கத்தில் இழுவிசை கொண்ட ஒரு தனி வகை மரநார் உருவாகி, கயிறு கட்டி இழுப்பதுபோல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கும். 2010 இல் நாங்கள் காணிக்குத் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கிணற்றடி முருங்கை வேரோடு சாய்ந்து கிடந்தது. பாதி வேர் மண்ணில் இருந்தது. கிடந்த மரத்தின் முதுகிலிருந்து ஆறேழு கிளைகள் வரிசையாக நேரே மேலே நின்றன. அன்றைக்குச் சமையல் அந்த இலையில்தான்.

மழையில் படுத்த நெல்லும் எழும். கணுக்களில் இலைமடலின் அடிப்பாகம் கீழ்ப்பக்கமாக மறுபடி நீளத் தொடங்கி, தண்டை முழங்கை மடிப்பதுபோல் மடித்துத் தூக்கும். ஆனால் கணு முற்றிவிட்டால் இது நடக்காது. முற்றிய கதிரோடு படுத்த வயல் படுத்ததுதான்.

பனங்கொட்டை தோண்டும் குழி

வேர் கீழே, தண்டு மேலே என்பது பொது விதி. எங்கள் முற்றத்துப் பனை அந்த விதியை ஒரு தரம் மீறிவிட்டுத்தான் வளரத் தொடங்குகிறது.

பாத்தியில் பனங்கொட்டைகளை அடுக்கி மண் மூடி விட்டால், கொட்டையிலிருந்து முதலில் வெளிவருவது வேரும் அல்ல, குருத்தும் அல்ல. வித்திலையின் காம்பு குழாய்போல் நீண்டு வெளியே வரும். வந்ததும் நேரே கீழ்நோக்கித் திரும்பி மண்ணைத் துளைக்கும். அதன் நுனிக்குள்தான் வருங்காலப் பனையின் குருத்தும் வேரும் இருக்கின்றன. கொட்டை மேலே கிடக்க, முளையம் தன்னைத் தானே ஆழத்தில் கொண்டுபோய் நடுகிறது. ஓர் அடி, ஒன்றரை அடி இறங்கிய பிறகுதான் குருத்து அங்கிருந்து மேலே கிளம்பும். கொட்டைக்குள் பூரான் திரள்வதும் இந்தக் காலத்தில்தான். கொட்டையின் சேமிப்பைக் கரைத்து உறிஞ்சிக் கீழே அனுப்பும் உறுப்பு அது.

நாம் உண்ணும் பனங்கிழங்கு வேர் அல்ல. ஆழத்தில் இருக்கும் இளங்குருத்தைச் சுற்றி மாப்பொருள் நிரம்பித் தடித்த உறை. பாத்தியில் மண்ணை ஏன் உயர்த்தி, பொருபொருவென்று வைக்கிறார்கள் என்பதும் இதனால் விளங்கும். கீழே தடையில்லாவிட்டால் கிழங்கு ஈர்ப்பின் வழியே நேராக இறங்கும். கல்லோ இறுகிய மண்ணோ தட்டினால் வளைந்தும் கவடு விட்டும் போகும். ஒடியலுக்கும் புழுக்கொடியலுக்கும் நேரான கிழங்கு எடுக்கத் தெரிந்த எங்கள் ஆச்சிமாருக்குப் புவித்திருப்பம் என்ற சொல் மட்டுந்தான் தெரியாது.

இந்த ஆழம் பனையின் பாதுகாப்பு. மேலே புல் எரிந்தாலும், மாடு மேய்ந்தாலும், கோடையில் மேல்மண் காய்ந்தாலும் குருத்து கீழே இருக்கிறது. வளர்ந்த பனைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதற்கு ஒரே ஒரு குருத்து. அது வட்டின் நடுவில், உயரத்தில். எறிகணையில் தலை போன பனை மறுபடி துளிர்க்காது. போர்க் காலத்தில் அப்படி மொட்டையாக நின்ற பனைகளும் பதுங்கு குழிகளுக்குக் குற்றிகளாகத் தறிக்கப்பட்ட பனைகளும் எத்தனை என்று இதை வாசிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவற்றுக்கு மாற்று, கொட்டையிலிருந்து மறுபடி தொடங்குவதுதான்.

எல்லாமே நேராகப் போவதில்லை

முதன்மை வேர் நேராகக் கீழே போகும். பக்க வேர்கள் அப்படி இல்லை. அவை சாய்வாகப் பரவும். கிளைகளும் அப்படியே. ஈர்ப்பை அவை உணராமல் இல்லை. ஈர்ப்போடு ஒரு குறிப்பிட்ட கோணத்தை வைத்துக்கொள்கின்றன. எல்லா வேரும் நேரே கீழே போனால் நீர் எடுக்கும் பரப்புச் சுருங்கிவிடும்.

யாழ்ப்பாணக் கடனீரேரிக் கரையிலும் மன்னார்க் கரையிலும் கண்ணா மரங்களைப் பார்த்திருப்பீர்கள். அடியைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டிருப்பவை வேர்கள். மேல்நோக்கி வளரும் வேர்கள். உப்புச் சேற்றுக்குள் ஒட்சிசன் இல்லாததால் மூச்சுக்காக அவை ஈர்ப்புக்கு எதிராகக் கிளம்புகின்றன. மரத்தை நிறுத்திப் பிடிக்கும் வேறு வேர்கள் அதே மரத்தில் கீழே இறங்குகின்றன.

ஈர்ப்பே இல்லாவிட்டால்? 1982 பங்குனியில் கொலம்பியா விண்ணோடத்தின் மூன்றாவது பயணத்தில் பைன், ஓட்ஸ் ஆகியவற்றோடு பயற்றம் நாற்றுகளும் சென்றன. எட்டு நாள் கழித்துத் திரும்பியபோது சில நாற்றுகளின் வேர்கள் மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. மணிகள் விழுவதற்குக் கீழ்ப்பக்கம் என்று ஒன்று அங்கே இல்லை. பின்னர் சர்வதேச விண்வெளி நிலையத்தில் வெளிச்சத்தையும் ஈரத்தையும் வழிகாட்டியாகக் கொடுத்துச் செடிகள் வளர்க்கப் பழகினார்கள். 2015 ஆவணியில் அங்கே வளர்ந்த லெற்றூஸ் இலையை விண்வெளி வீரர்கள் உண்டார்கள்.

நெல்லுக்கும் காணிக்கும் இதில் என்ன?

மழையை நம்பி மானாவாரியாக விதைக்கும் வன்னி விவசாயிக்கு வேரின் கோணம் சாப்பாட்டோடு தொடர்புடையது. மேலோடு பரவும் வேர் மேல்மண் காய்ந்தால் தவிக்கும். ஆழமாக இறங்கும் வேருக்குக் கீழே மிச்சமுள்ள ஈரம் கிடைக்கும். 2013 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பிலிப்பைன்ஸின் மேட்டுநில நெல் ஒன்றிலிருந்து டி.ஆர்.ஓ.1 என்ற மரபணுவை அடையாளம் கண்டார்கள். அது வேர் ஈர்ப்புக்கு வளையும் கோணத்தைத் தீர்மானிக்கிறது. மேலோட்டமான வேர் கொண்ட ஐ.ஆர்.64 நெல்லுக்கு இனக்கலப்பின் மூலம் அதைக் கொடுத்தபோது வேர் ஆழமாக இறங்கியது. வரட்சியில் விளைச்சலும் கூடியது. லேசி மரபணுவுக்கு இது உறவு.

காணியில் மரம் வைப்பவர்கள் மனதில் கொள்ளக்கூடிய சில விடயங்கள்:

விதையை எந்தப் பக்கமாகப் போட்டாலும் முளை திசை கண்டுகொள்ளும். ஆனால் கதியால் அப்படி அல்ல. கிளுவை, முருங்கை, பூவரசுத் தடிகளுக்கு எது அடி, எது நுனி என்ற அடையாளம் உடம்பிலேயே உண்டு. தலைகீழாக நட்டால் அந்த அடையாளம் மாறாது. வேலி அடைக்கும்போது அடிப்பக்கம் கீழே இருக்கிறதா என்று பார்த்து நடுங்கள்.

பொலித்தீன் பையில் நெடுநாள் நின்ற கன்றின் வேர் கீழே போக வழியின்றி அடியில் சுருண்டிருக்கும். நடும்போது பையை முழுதாகக் கிழித்தெடுத்து, சுருண்ட வேரை நறுக்கி விடுங்கள். வளைந்து முடிந்த வேர் தானாக நேராகாது என்று மேலே சொன்னேன். வெட்டிய இடத்துக்குப் பின்னாலிருந்து வரும் புது வேர் கீழே போகும்.

பனையைப் பையில் வளர்த்து நடுவதை விட, நிற்க வேண்டிய இடத்திலேயே கொட்டையை ஊன்றுவது நல்லது. அது இறங்குகிற ஆழத்துக்குப் பை போதாது.

பிள்ளைகளோடு செய்து பார்க்க ஒரு சோதனை. கண்ணாடிக் குவளையின் உட்புறம் ஈரக் கடதாசியைச் சுற்றி, கண்ணாடிக்கும் கடதாசிக்கும் நடுவே ஊறிய பயற்றை வையுங்கள். முளைத்ததும் குவளையை அலுமாரிக்குள் படுக்க வைத்துக் கதவை மூடுங்கள். மறுநாள் பாருங்கள். பிறகு இன்னொரு பக்கம் திருப்பி வையுங்கள். நாலு நாளில் வேரில் படிக்கட்டுப் போல வளைவுகள் இருக்கும். ஒன்றிரண்டு வேர்களின் நுனியை ஒரு மில்லிமீற்றர் அளவு பிளேட்டால் நறுக்கிவிட்டால், அவை அன்று திசை அறியாமல் வளர்வதையும் காணலாம். நுனியும் மணிகளும் மறுபடி உருவானதும் அவையும் கீழே திரும்பும்.

நான் வகுப்பில் குவளை வைப்பதில்லை. மூடி போட்ட பிளாஸ்ரிக் வாளிதான். மூன்று நாள் நிமிர்த்தி, ஒரு நாள் சரித்து வைப்பேன். திறக்கும்போது பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். ஏனென்று அவர்களுக்குச் சொன்னதில்லை. யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும், இருட்டுக்குள்ள இதுக்கு எப்பிடித் தெரிஞ்சது எண்டு. கரும்பலகையில் ஒரு கலம் வரைந்து, அடியில் சில மணிகளைப் போட்டு, அங்கிருந்து தொடங்குவேன். மணியடிக்க இன்னும் அரை மணித்தியாலம் இருக்கும். பாடத்தை முடிக்க அது போதும்.